வெள்ளை வரும் வரை

கல்லூரியில் நான் நடத்துவது தத்துவம். அதிலும் ரேஷனாலிட்டி. தமிழில் பகுத்தறிவு என்று சொல்லித் தொலைத்தால் போதும், "ஓ, அப்ப நீங்க சாமி கும்பிட மாட்டீங்களாங்க?" என்று கோயமுத்தூரே கேட்கும். இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி. சாமிக்கும் என் பாடத்துக்கும் சம்பந்தமில்லை, கையில் இருக்கும் விவரத்தை வைத்து ஒரு மனிதன் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் பாடம் என்று விளக்குவேன். கேட்டவர் நன்றாகத் தலையாட்டிவிட்டு, "இருந்தாலும் பழனிக்காச்சும் போவீங்கல்ல?" என்பார்.

என் மனைவி மோகனப்பிரியா மட்டும் அப்படிக் கேட்டதில்லை. கோவிலுக்குப் போனால் அவள் பாட்டுக்கு உள்ளே போய்க் கும்பிடுவாள். நான் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பேன்.

போன வருடம் ஆனி மாதம், அவள் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றார் டாக்டர். செய்யாவிட்டால் இரண்டு வருடம் தாண்டுவது கஷ்டம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இருந்தது.

"ஏனுங்க, ஊருக்குப் போயிப் பூக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணலாமுங்களா?" என்றாள்.

காங்கேயம் பக்கம் அவள் ஊரில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். வெள்ளரளி ஒரு இலைப் பொட்டலத்தில், செவ்வரளி இன்னொன்றில். இரண்டையும் சாமி காலடியில் வைத்துக் கலந்து, பூசாரி ஒன்றை எடுத்துக் கையில் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணத்துக்கும் கேட்பார்கள், போர்வெல் போடுவதற்கும் கேட்பார்கள்.

எனக்கு வந்ததே கோபம். "தொண்ணூத்தி நாலு கையில இருக்கறப்ப, யாராச்சும் அம்பதுக்கு அம்பதுகிட்டப் போயி யோசனை கேப்பாங்களா?" என்று கத்தினேன். பேப்பரில் கட்டம் போட்டு விளக்கினேன். அவள் காப்பி ஆற்றும்போதும் பின்னாலேயே நின்று விளக்கினேன். நான்கு நாள் இந்தக் கூத்து. ஐந்தாம் நாள் காலையில் தங்கச்சியைப் பார்க்கக் காங்கேயம் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். சாயங்காலம் வந்து, "சரிங்க, செஞ்சுபோடலாமுங்க" என்றாள். நான் பேசியது ஒருவழியாக அவள் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அந்த ஆறு பேரில் ஒருத்தியாகிப்போனாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விதி என்றார்கள். "விதியில்லைங்க, ஆறு சதவீதம்" என்றேன். அதற்குப் பிறகு அதிகம் பேர் வரவில்லை. முடிவு சரி, விளைவுதான் கெட்டது. வகுப்பில் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன், நம்பித்தான் சொல்கிறேன். ஆனால் சரியாக முடிவெடுத்தவனுக்கு வீட்டில் பேச ஆளில்லை. பிள்ளைகளும் கிடையாது. ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு நாளைக்கு வருகிறது. டிவியை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், யாரோ பேசுகிற மாதிரி இருக்கட்டுமே என்று.

போன வாரம், கேஸ் கனெக்‌ஷனில் பேர் மாற்ற அவளுடைய ஆதார் தேவைப்பட்டது. கைப்பையைத் துழாவினால், அடியில் காய்ந்துபோன இலைப் பொட்டலங்கள். மூன்று. பிரித்துப் பார்த்தேன். வாடிச் சருகாகியிருந்தாலும் நிறம் தெரிந்தது. இரண்டில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை.

ஒரு காரியத்துக்கு ஒரு பொட்டலம்தான் வாங்குவார்கள். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். அப்படியானால் மூன்று எதற்கு? அம்மன் வேண்டாம் என்று சொல்லியுமா போய்ப் படுத்தாள்? அவள் தன் மனசோடு சம்மதித்தாளா, இல்லை நான்தான் பேசிப் பேசி அவளைத் தள்ளிவிட்டேனா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். மறுநாளே சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ் ஏறினேன்.

பூசாரி அங்கப்பன் கோவில் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றவர், என் கையில் இருந்ததைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்ககிட்டச் சொல்லப்படாதுன்னு அம்மணி கேட்டுக்கிச்சுங்க."

"இனி எதுக்குங்க மறைக்கோணும்? சொல்லுங்க."

"மொதல்ல செவப்பு வந்துச்சுங்க. மறுக்காக் கேளுங்கன்னுச்சு. ஒரு காரியத்துக்கு ரெண்டு தடவ கேக்கப்படாது அம்மணின்னு சொன்னனுங்க. காதுலயே வாங்கல. ரெண்டாவதும் செவப்பு. எந்திரிச்சுப் போயிரும்னு பாத்தா, அப்படியே தரையில உக்காந்துக்கிச்சு. 'வெள்ள வர்ற வரைக்கும் எடுங்கண்ணா'ன்னு ஒரே அழுகைங்க. சாமிகூட மல்லுக்கட்டுன ஆள நான் பாத்ததே இல்லீங்க. மூணாவதுதான் வெள்ள வந்துச்சு."

வெள்ளை வரும் வரை எடுத்தால் வெள்ளை வரத்தான் செய்யும். வேண்டிய விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பவனைத்தான் நான் வகுப்பில் முட்டாளுக்கு உதாரணமாகச் சொல்வது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அம்மன் சொல்வது அவளுக்குத் தொண்ணூற்று நான்கு இல்லை, நூறு. அந்த நூறும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்து என்னிடம் சரி என்றிருக்கிறாள்.

"அவளுக்குப் பயமா இல்லீங்களா?" என்றேன்.

அங்கப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இருந்திருக்குமுங்க. ஆனா வெள்ளையக் கையில வாங்குனதும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு. 'அந்த மனுசன் பயந்துபோயி நாலு நாளாத் தூங்கலைங்கண்ணா. அப்பாடா, இன்னிக்காச்சும் தூங்குவாரு'ன்னு."

அந்த நான்கு நாளும் நான் கத்தியது பயத்தில்தான் என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் தூங்கினேன். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். பக்கத்தில் அவள் தூங்கினாளா என்று பார்க்கவில்லை.