முகம் சுளிக்காத பெண்

"அக்கா, தூங்கிட்டியா? நாளைக்கு ஹீரோயினுக்கு டூப்பா நான் மாடியிலிருந்து தொங்கணும்."

"தெரியும்டி. பேசாம படு."

"முந்தாநாள் சண்டையில என் கை இரும்புக் கதவுல இடிச்சுது. நான் முகம்கூடச் சுளிக்கல. டைரக்டர், 'வீரமான பொண்ணுன்னா இப்படி இருக்கணும்'னாரு. எல்லாரும் கைதட்டினாங்க."

"அதான் ரெண்டு நாளா தலைகால் புரியாம திரியுறியா?"

"எனக்கு வலியே தெரியலக்கா. இப்பவும் அந்தக் கையில எதுவும் தெரியல. நாளைக்கு அதாலதான் தொங்கணும். நல்லா கிள்ளிப் பாரு."

இருட்டில் கையை நீட்டிக் காத்திருந்தேன்.

"கிள்ளுக்கா."

அக்கா எழுந்து விளக்கைப் போட்டாள். என் புறங்கையில் அவளுடைய நகத்தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"ஸ்டண்ட் மாஸ்டர் நம்பரைக் குடு."

"சொன்னா இனிமே என்னைக் கூப்பிடமாட்டாங்கக்கா."

அக்கா அதற்குள் என் போனை எடுத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.