நீலாம்பாளின் பிரேக் பேடு

கரமனை அக்ரகாரத்தில் நீலாம்பாள் வீட்டில் கார் ஓட்டுவது அவள், கார் துடைப்பது அவள் புருஷன் நாகேஸ்வரன். கல்யாணமான நாளிலிருந்து சண்டை போடாமல் இருவரும் பங்கு பிரித்துக்கொண்ட ஒரே சமாசாரம் இதுதான். ஆனால் வெள்ளைக் காரின் முன் வீல்கள் வாராவாரம் கரிச்சட்டி மாதிரி கருத்துப்போகும். பிரேக் பேடு தேய்ந்து உதிரும் தூள் அது. அவர் அலம்பி விட்ட கறுப்புத் தண்ணீர் நேரே பக்கத்து வீட்டு சிவகாமியம்மாளின் கோலத்தில் போய் நிற்கும். அந்த அம்மாளின் வாய்க்கோ பூட்டு கிடையாது.

"ஏன்னா, பேடையே மாத்திடலாம். அவ்வளவா தூள் கொட்டாத பேடு இருக்காம்" என்றாள் நீலாம்பாள்.

"தேயாம சந்தனம் வருமோடீ? தூள் இல்லைன்னா பிரேக்கும் இல்லைன்னுதான் அர்த்தம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஞாயித்துக்கிழமை பொன்முடி மலைக்குப் போறோம். இப்போ புதுசா எதையாவது மாட்டி வெச்சேன்னா நான் டாக்ஸி சொல்லிடுவேன், கேட்டயா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கிழக்கேகோட்டை நெரிசலில் பஸ்ஸுக்கே வழி விடாதவள் அவள். மலைப்பாதை மட்டும் இதுவரை ஓட்டியதில்லை. அந்த வளைவுகளில் தான் ஓட்ட, அவர் நம்பிப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை. வாசலில் டாக்ஸி வந்து நின்றால் அதைவிட அவமானம் வேறில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் மலையாளி மெக்கானிக் ரெஜியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். ரெஜி மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தான். ஒன்று பழையபடியே தூள் கொட்டுவது. இன்னொன்று பந்தயக் காருக்கானது. நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். மூன்றாவது செராமிக்.

"வீல் கருக்காது சேச்சி. சத்தமும் அவ்வளவா இருக்காது" என்றான்.

"காலம்பற முதல் மிதியிலேயே பிடிக்குமா? மழையில? மலை எறங்கறச்சே?"

"பிடிக்கும் சேச்சி. பக்ஷே புதுப் பேடு டிஸ்க்கில பதியணும். ஆளில்லாத ரோட்டில கொஞ்ச நேரம் ஓட்டி ஓட்டி பிரேக் போடுங்க. முதல்ல லேசாக் கீச்சும், அது சாரமில்லை, பயப்படாதீங்க."

கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போகிற காருக்குப் பந்தயப் பேடு எதற்கு? செராமிக்கையே போடச் சொல்லி, பைபாஸில் ஓட்டிப் பதிய வைத்து, ராணி மாதிரி வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை இருவரும் காய்கறி வாங்கக் கிளம்பினார்கள். தெருக்கோடியில் பிரேக்கை மிதித்ததும் கார் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது.

"பாத்தயா! நான் சொன்னேனா இல்லையா?" நாகேஸ்வரன் போனை எடுத்துவிட்டார். "டாக்ஸிக்குச் சொல்லிடறேன்."

"போனை உள்ளே வையுங்கோ."

பேடு மோசமென்றால் இரண்டு பக்கமும் அல்லவா மோசமாக இருக்க வேண்டும்? வலப்பக்கம் இழுக்கிறதென்றால் வலது நன்றாகப் பிடிக்கிறது, இடதுதான் வழுக்குகிறது. நீலாம்பாள் இறங்கி, இடது வீலின் இடைவெளியில் விரலை விட்டுத் தடவி முகர்ந்து பார்த்தாள். சுத்தமான செக்கு நல்லெண்ணெய்.

"யாரு பண்ணினா இதை?"

நாகேஸ்வரன் தெருவை முன்பின் பார்க்காதவர் மாதிரி பார்த்தார். "நேத்து நீ வந்து நிறுத்தறச்சே இந்த வீல் கீச்சுன்னுது. ஊஞ்சல் சங்கிலிக்கு விடற மாதிரி ரெண்டு சொட்டு விட்டேன்."

"ரெண்டு சொட்டா?"

"அரைக் கரண்டி இருக்கும்."

அவளுக்கு வந்த கோபத்தில் நல்ல வார்த்தை ஒன்றுகூட வாயில் அகப்படவில்லை. அதற்குள் அவரே முணுமுணுத்தார்: "அந்தச் சத்தத்துக்கு சிவகாமியம்மாள் எட்டிப் பாத்துச் சிரிச்சா. நீ பாத்துப் பாத்து வாங்கினதுக்கு இன்னொருத்தி சிரிக்கப்படாதுன்னுதான்..."

டாக்ஸி, டாக்ஸி என்று அடித்துக்கொண்ட மனுஷனா இவர்! கோபம் பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.

போன் போட்டதும் ரெஜி தெருவுக்கே வந்து கழற்றிப் பார்த்தான். "எண்ணெய் குடிச்ச பேடு இனி உதவாது. ரெண்டு பக்கமும் மாத்தணும். யாரு சேச்சி இந்தப் பணி பார்த்தது?"

நாகேஸ்வரன் தலை குனிந்தார்.

"பூனை தட்டி விட்டிருக்கும்" என்றாள் நீலாம்பாள் கூசாமல். "அதே செராமிக் பேடையே போடு, ரெஜி."

டாக்ஸிப் பேச்சு அதோடு நின்றது. அன்று மாலை மறுபடியும் பைபாஸில் ஓட்டிப் பதிய வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்முடி ஏறினார்கள். இறங்கும்போது மூடுபனி. சின்ன கியரில் வண்டியை அடக்கி, வளைவுக்கு வளைவு அளவாகப் பிரேக் பிடித்தாள். பிரேக் சொன்னபடி கேட்டது. எதிரே பஸ் வந்தபோது ஓரங்கட்டி, கல் மாதிரி நிறுத்தினாள்.

"எப்படி ஓட்டறேன்?" என்று பெருமையோடு திரும்பினாள்.

நாகேஸ்வரன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இந்த மலையில், இந்தப் பனியில், அவள் பக்கத்தில். அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அடுத்த வளைவில் அவர் தலை கண்ணாடியில் இடித்துவிடாதபடி, பிரேக்கை மெல்ல மிதித்தாள்.