இடதுகை வெட்டு

எனக்கு எழுத்து அழகாக வரும், கருத்து வராது. முப்பது வருடமாக இந்த ஊரின் கடைப் பலகைகள், பள்ளிச் சுவர்கள், லாரிகளின் முதுகு எல்லாவற்றிலும் என் கைதான். ஆனால் அவற்றில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. யார் எதைக் கொடுத்தாலும் "ஆகட்டும் சார்" என்று எழுதிவிடுவேன். அதனால் 'ஆகட்டும்' என்பதே எனக்குப் பெயராக நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மூடிக் கிடந்த மைக்கா சுரங்கத்தை அருங்காட்சியகம் ஆக்கப் போகிறோம், சுவர்களில் அதன் கதையை எழுத வேண்டும் என்று அறக்கட்டளைச் செயலாளர் கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னேன். மொத்தம் பதினான்கு சுவர்ப் பகுதிகள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

அருங்காட்சியகம் என்றால் வேறொன்றுமில்லை, பழைய உரிப்புக் கொட்டகை. சுரங்கத்திலிருந்து ஆண்கள் மேலே அனுப்பிய மைக்காக் கட்டிகளை இருநூறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓரம் வெட்டி, ஏடு ஏடாக உரித்து, தரம் பிரித்த இடம். சின்ன வயதில் நாங்கள் அதன் வாசலில் சிதறிக் கிடந்த மைக்காத் துணுக்குகளை, காக்காப்பொன் என்று சொல்லிப் பொறுக்கி விளையாடுவோம். இப்போது வெள்ளையடித்து, கண்ணாடிப் பெட்டிகள் வைத்து, விளக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் சுவர் பூமியின் கதை. எழுதிக் கொடுத்தவர் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் அம்மாள். கல் டாக்டர் என்று கூப்பிடுவோம். அவருக்கும் அது தெரியும். நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழத்தில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு பிளவுகளுக்குள் புகுந்து, அவசரமே இல்லாமல் ஆறியதாம். மெல்ல ஆறியதால் படிகங்கள் பெரிது பெரிதாக வளர்ந்தன. நடுவில் மைக்கா, தாள் தாளாக அடுக்கிக்கொண்டு வந்தது. "சீக்கிரம் ஆறியிருந்தா பொடிப் பொடிப் படிகமாப் போயிருக்கும். ஒரு தாள்கூடத் தேறியிருக்காது," என்றார் கல் டாக்டர். நிதானமான வேலைக்குப் பூமியே சாட்சி என்று வீட்டில் போய்ச் சொன்னேன். "அப்ப ஒழுகுற குழாயையும் நூறு கோடி வருஷம் ஆறப் போடுங்க," என்றாள் மனைவி.

இரண்டாவது சுவர் வரலாறு. நிறுவனர் சவாரி போகையில் குதிரை ஒரு கல்லில் இடறியது, கல் மின்னியது, சுரங்கம் பிறந்தது. குதிரையின் பெயரைத் தனி வண்ணத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதை இங்கே சொல்ல மாட்டேன்; அந்தக் குதிரைக்குப் போதுமான விளம்பரம் கிடைத்துவிட்டது. பிறகு நூறடி, முந்நூறடி, எழுநூறடி என்று ஆழக் கணக்கு. அடுப்புக் கதவுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போர்க்கால ரேடியோவுக்கும் மைக்கா போன கதை. தண்ணீர் புகுந்த ஆண்டு, மூடிய ஆண்டு. பெண்கள் என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது: நிறுவனரின் துணைவியார் பெண்களுக்காகக் கிணறு வெட்டினாராம்.

நானும் எழுதினேன். ஆகட்டும்.

புதன்கிழமை மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். எடுத்துக்கொண்டு அத்தை வந்தாள். என் அப்பாவின் தங்கை, எங்களோடு இருப்பவள், எழுபதைத் தாண்டியவள். இதே கொட்டகையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள். மூடிய பிறகு இந்தப் பக்கமே வந்ததில்லை. கேட்டால், "அங்க போய் இருமணுமா? அதை வீட்டிலயே செஞ்சுக்கலாம்," என்பாள்.

கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் முதல் பெட்டிக்கு முன்னால் நின்றாள். உள்ளே ஒரு வளைந்த கத்தி. 'பழைய இரும்புக் கருவி. பயன்பாடு அறியப்படவில்லை.'

"மருமகனே, இதை எழுதினது யாரு?"

"கை என்னுது அத்தை. வார்த்தை அவங்களுது."

"தெரியலைன்னா கேக்கறது. நான் என்ன செவ்வாய் கிரகத்திலயா இருக்கேன்? ரெண்டு தெரு தள்ளி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நடுவில் பெரிய பெட்டி. அடியிலிருந்து விளக்கு. அதன் மேல் இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு மைக்காத் தகடு, தேன் நிறத்தில், கண்ணாடி போல. பின்சுவரில்: 'இயற்கையின் கைவண்ணம். மனிதக் கை படாமல், பூமி தந்தபடியே.' கண்ணாடி இல்லாமல் எழுதியதால் என்ன எழுதினேன் என்றே தெரியாது என்று நான் தப்பித்திருக்கலாம். ஆனால் அதை எழுதியது முந்தின நாள்.

அத்தை என் கண்ணாடியைத் திரும்பப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, பெட்டியைச் சுற்றி வந்து தகட்டின் ஓரத்தைப் பார்த்தாள்.

"இது எங்க நெட்டை வெட்டினது. உசரமா இருப்பாளே, அவ," என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"பூமிக்குள்ள இருந்து மைக்கா இப்படியா வரும்? அழுக்கு மூட்டை மாதிரி வரும், ஓரமெல்லாம் கிழிஞ்சு, மண்ணேறி. நாங்க ஓரத்தைச் சாய்ச்சு வெட்டுவோம். அப்பதான் அடுத்தவ கத்தி முனையை நுழைச்சு ஏடு பிரிக்க முடியும். எல்லாரும் ஒரே பக்கமாச் சாய்ப்போம். இது எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு பாரு. இருநூறு பேர்ல இடதுகைக்காரி அவ ஒருத்திதான். மேஸ்திரி கையில அடிச்சுக்கூடப் பாத்தான், மாறல."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"நாப்பத்தொரு வயசில போயிட்டா. நெஞ்சு பூரா தூசி. பதிவேட்டில அவளுக்குப் பேர் கிடையாது, பெண் 46. கம்பெனி டாக்டர் வந்து 'இயற்கையான சாவு'ன்னு எழுதிட்டுப் போனான்." கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "அவ சாவை இயற்கை கணக்கில எழுதினாங்க. சரி. இப்ப அவ செஞ்ச வேலையையும் நீ அதே கணக்கில எழுதியிருக்க."

'நீ' என்றாள். 'அவங்க' என்று சொல்லவில்லை. நான் தப்பிக்க வைத்திருந்த வழி அதோடு அடைபட்டது.

கல் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்து ஓரத்தைப் பார்த்தார். காது சிவந்தது. "கை படாமல்ங்கற வரி செயலாளர் சேர்த்தது. ஆனா படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நான். தப்புதான். மாத்துங்க."

"என்னன்னு மாத்தட்டும் மேடம்?"

"அத்தை சொன்னதையே எழுதுங்க."

முப்பது வருடத்தில் நானாக ஒரு வாக்கியம் யோசித்தது அன்றைக்குத்தான். மூன்று டீ செலவானது. பழையதை அழித்துவிட்டு எழுதினேன்: 'நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி அடுக்கி வைத்ததை இந்த வடிவத்தில் வெட்டி எடுத்தவள் பெண் 46, இடதுகை நெட்டை. தூசியால் இறந்தவள்.'

வியாழக்கிழமை செயலாளர் வந்தார். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"யாருய்யா இந்த நெட்டை?"

சொன்னேன்.

"குழு ஒப்புதல் இல்லாம ஒரு எழுத்து மாறக் கூடாது. அதுவும் 'இறந்தவள்'னு! குழந்தைங்க வர்ற இடம். அழிச்சிடு."

"ஆ..." என்றேன். வாய் பழக்கத்தில் திறந்துவிட்டது. கொட்டகையே மிச்சத்துக்காகக் காத்திருந்தது. மிச்சம் வரவில்லை.

"குதிரைக்கு என்ன சாட்சி சார்?" என்று கேட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"நிறுவனரே எழுதி வச்சிருக்கார்."

"நெட்டையும் எழுதி வச்சிருக்கா சார். ஓரத்தில."

"திமிரா? எத்தனையோ பெயின்டர் இருக்காங்க," என்று சொல்லிவிட்டுக் காவல்காரரிடம் திரும்பினார். "நீ வா. அந்தத் துணியை எடுத்துத் துடை."

காவல்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்கம்மா பெண் 112 சார்."

"சரி, அந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு."

ஏணி மேலிருந்து குரல் வந்தது: "எங்க பெரியம்மா பெண் 9. நம்பர் சின்னதா இருந்தா மூத்த தொழிலாளின்னு அர்த்தம் சார்."

பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் கேட்பதற்கு முன்பே துடைப்பத்தோடு வெளியே போய்விட்டாள். அதைத் துடைக்க ஆள் வேண்டுமென்றால் அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

செயலாளர் தானே துணியை எடுத்தார். கல் டாக்டர் பக்கத்தில் போய் நின்றார். "சார், முதல் சுவர்ல என் பேர் இருக்கு. இதைத் துடைச்சா அதையும் துடைச்சிடுங்க. பொய்க்குக் கீழ என் பேர் வேணாம்."

செயலாளர் இரண்டு சுவரையும் பார்த்தார். பிறகு எது தன்னை அதிகமாக உறுத்தியதோ அதிலிருந்து ஆரம்பித்தார்: கடைசி வரி. ஆனால் பெயின்ட் சரியாகக் காயவில்லை. 'தூசியால் இறந்தவள்' சாம்பல் நிற மேகமாகச் சுவரில் பரவியது, அவர் முழங்கை வரை ஏறியது, சட்டை மார்பில் போய் உட்கார்ந்தது. துடைக்கத் துடைக்கப் பெரிதானது. அந்த நேரம் பார்த்து விழாவின் சிறப்பு விருந்தினர் வீட்டிலிருந்து போன். "வெள்ளையடிக்கச் சொல்லுங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சட்டை மாற்ற ஓடினார். யாரும் வெள்ளையடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல வாசலில் இருமினாள். விருந்தினர் இரண்டாவது சுவர்ப் பக்கம் போட்டிருந்த மேடையில் நின்று குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் அங்கே இருந்தது. அத்தை நடுப்பெட்டிக்கு வந்து, நெட்டையின் பெயர் வரைக்கும் படித்தாள். அதற்குக் கீழே இருந்த மேகத்தைப் பார்த்தாள்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"அவங்க எப்படிப் போனாங்கன்னு."

"ரெண்டாம் தடவையும் அதை எழுத விடலையா?"

பையிலிருந்து பெயின்ட் டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

"இப்பவேயாடா? அவங்க போகட்டும்."

"இல்ல அத்தை. அவங்க இருக்கும்போதே."

செயலாளர் மேடையிலிருந்து பார்த்துவிட்டார். கையால் 'வேண்டாம், வேண்டாம்' என்று சைகை காட்டினார். கை தட்டுகிறார் என்று நினைத்துக் கூட்டமும் கை தட்டியது. நான் மேகத்தின் மேலேயே, கறுப்பில், முன்பைவிடப் பெரிதாக எழுதினேன். அவசரத்தில் 'தூ' கோணலாகிவிட்டது. முப்பது வருடத்தில் என் முதல் கோணல் எழுத்து.

"திருத்தணுமா அத்தை?"

அவள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் பார்த்தாள்.

"வேணாம். காயட்டும்," என்றாள். காயும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.