மேலதிகப் பட்டியலின் கடைசி வரி

எல்ல ஊருக்குப் போகும் வீதியில் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய புது வீட்டை அண்ணன் வாங்கப் போகிறான். அம்மாவும் நானும் அவனோடுதான் இருக்க வேண்டும். வீட்டைப் பார்க்கப் போனபோது கட்டுமான நிறுவனத்து ஆள், நாங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளக்கூடிய மேலதிக வேலைகளின் பட்டியலை விரித்தார். முதல் வரியில் மழைபோல் கொட்டும் ஷவர் இருந்தது. வருடம் முழுக்க மழை பெய்யும் ஊரில் குளியலறைக்குள்ளும் மழை வேண்டுமாம். கடைசி வரியில், பின்னால் வெட்டிய மண்ணைத் தாங்கும் சுவர்.

"இதுவும் மேலதிகமா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க மிஸ். நெறைய பேரு எடுக்க மாட்டாங்க. வீட்டுக்குப் பின்னாடி யாரு வந்து பாக்கப் போறா?"

ஒரு வாரமாக வெயில். ஆனாலும் அந்த மண்ணிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மண் சரியப் போவதன் அறிகுறி என்று அதை ஜன்னல் வழியே அண்ணனுக்குக் காட்டினேன்.

"நாலு வருசம் மண்ணப் பத்தி படிச்சதுக்கு, மண்ணப் பாத்தா பயம்தான் மிச்சம்," என்று சிரித்தபடி அவன் ஷவருக்கு அடையாளமிட்டான். "இருக்கிற காசுக்கு ரெண்டுல ஒண்ணுதாங்க முடியும். இத எழுதிக்குங்க."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து அண்ணனிடம் சொன்னார்.

"நீ குடிபோ தம்பி. நானும் பாப்பாவும் வாடகை வீட்டுலயே இருந்துக்கிறோம்."