டால்டன் ரீஸைத் தரையில் உட்காரவைத்த விதம்

டிமேரியஸ் மெர்சர் நூற்று முப்பத்திரண்டு கிலோ. எங்கள் டொலிடோ அமெரிக்கக் கால்பந்து அணியின் இடது ஓரத்தில் நின்று, எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்குள் அவனைத் துரத்திப் பிடிப்பதுதான் அவனுக்குச் சம்பளம் வாங்கித் தந்த வேலை. அந்த ஆண்டு முதல் நான்கு ஆட்டங்களில் ஆறு தடவை பிடித்தான். அதில் மூன்று தடவை, குற்றம் என்று சொல்லி நடுவரின் மஞ்சள் துணி விழுந்தது.

மூன்றாவது துணியில் ஆட்டமே போயிற்று. மெர்சர் செய்த குற்றம், பிடித்தவனோடு சேர்ந்து தானும் விழுந்தது. பந்து வீசுகிறவனைப் பிடிக்கலாம், இடிக்கலாம், கீழே தள்ளலாம். முழு உடம்பும் பாரமாக அவன்மேல் இறங்கக்கூடாது என்பது விதி. தலையில் படக்கூடாது, முழங்காலைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் மெர்சர் ஒழுங்காகப் பழகியிருந்தான். பாரத்தை மட்டும் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

என் பெயர் ரே, பதினேழு வருஷமாக அணியின் வீடியோ அறையில் ஆட்டங்களைப் படம்பிடித்து வெட்டி ஒட்டுகிறவன். தோற்றதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, பயிற்சியாளர் ஸ்டான் கோவாச் மெர்சரை என் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வீடியோத் துண்டைப் பதினோரு தடவை ஓட்டச் சொன்னார்.

"எங்கடா பாக்குற? இங்க பாரு. காத்துல இருக்கும்போதே ஒருக்களிச்சுத் திரும்பணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"திரும்பினேன் கோச். பாதி உடம்பு திரும்பிருச்சு. மிச்சப் பாதிக்கு நேரம் பத்தலை."

"உனக்கு இது விளையாட்டா இருக்கா?"

"நூத்திமுப்பத்திரண்டு கிலோ கோச். விழும்போது அதை எங்க வைக்கச் சொல்றீங்க? லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டு வரட்டுமா?"

கோவாச் மைதானத்துக்கு மெத்தைகளைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாள் மெர்சர் பஞ்சு பொம்மையைக் கட்டிப்பிடித்து உருண்டான். அவன் உருண்டால் பொம்மையும் கூடவே உருண்டு அவனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பொம்மையை விட்டுவிட்டு உருண்டால் தோள்பட்டை பிசகியது. புதன்கிழமை மதியம் தோளில் ஐஸ் பையோடு வீட்டுக்குப் போனான்.

அவன் மனைவி லட்ரீஸ் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு என்று ஆட்களைத் தூக்கி வைப்பதில் பெரிய கைகாரி. எடை ஐம்பத்தைந்து கிலோ. மெர்சர் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே பாத்திரத்தைத் துடைத்தாள்.

"எங்க வெர்னன் ஐயாவுக்கு எண்பத்தாறு வயசு, நூறு கிலோ. டெய்லி நாலு தடவை தூக்குறேன். ஒரு நாள் கீழ போட்டிருப்பேனா?"

"வெர்னன் ஐயா ஓட மாட்டாரே."

"நீ பிடிச்சதுக்கு அப்புறம் உன் ஆளு மட்டும் எங்க ஓடப்போறான்? எந்திரி. முட்டிய மடக்கு. நெஞ்சோட நெஞ்சா அணைச்சுக்கோ. என்ன செய்யப்போறேன்னு அவங்ககிட்ட சொல்லணும், அதான் முக்கியம். சொல்லாம தூக்கினா பயந்து உதறுவாங்க. 'ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப உக்காரப்போறோம்.' அவ்வளவுதான்."

மறுநாள் மெர்சர் என் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். நான் திரும்புவதற்குள் நாற்காலியிலிருந்து என்னைக் கிளப்பினான். காதருகே, "ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப உக்காரப்போறோம்" என்று ஒரு குரல். கம்பளத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் இருந்த காபி சிந்தவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"வெக்கமா இருந்துச்சு."

"அதான் வேணும்" என்றான் மெர்சர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓமஹா அணி எங்கள் ஊருக்கு வந்தது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் டால்டன் ரீஸ். அவன் பந்தும் வீசுவான், நடிக்கவும் செய்வான். தோளில் கை பட்டால் போதும், கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். தரையைத் தொடும் முன்பே நடுவர் எங்கே நிற்கிறார் என்று கண் தேடும். அந்த வருஷம் அவனைத் தொட்டதற்காக விழுந்த மஞ்சள் துணிகளைத் தைத்தால் ஒரு போர்வை வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாதியில் மெர்சர் தன்னைத் தடுத்தவனைச் சுற்றிக்கொண்டு போய் ரீஸை எட்டினான். ரீஸ் வழக்கம்போல் கழுத்தைத் தளர்த்தினான். விழுவதற்கு வழி இல்லை. மார்போடு இரண்டு கையாலும் அணைத்து, கால் தரையில் படாமல் பிடித்துக்கொண்டான் மெர்சர். நடுவரின் ஊதல் கேட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, இப்ப உக்காரப்போறோம் ஐயா" என்று சொல்லி ரீஸைப் புல்லில் உட்காரவைத்தான். ஹெல்மெட்டையும் நேராக்கிவிட்டான்.

தலைமை நடுவர் ஹோவர்டு கிரிம்ஸ் துணி வைத்திருந்த பையில் கையை விட்டார். கை உள்ளேயே நின்றது.

"சார், இதுல தப்பு ஏதாவது இருக்கா?" என்று மெர்சர் பணிவாகக் கேட்டான்.

கிரிம்ஸ் வெறும் கையை வெளியே எடுத்தார். "இல்லை. போய் உன் இடத்துல நில்லு."

பார்வையாளர்களுக்கு முதலில் புரியவில்லை. மெர்சரின் வாய் எண்ணுவதைப் பெரிய திரையில் மறுபடி காட்டியபோது அறுபதாயிரம் பேரும் சிரித்தார்கள். ரீஸின் முகம் சிவந்ததை மேலே இருந்த என் கேமரா கூடப் பிடித்தது.

இரண்டாவது தடவையும் அதே அணைப்பு, அதே எண்ணிக்கை. கூடுதலாக, "பாத்து, மெதுவா" என்றும் சொன்னான். ஆனால் ரீஸ் இந்தத் தடவை நடிக்கவில்லை. முகத்தில் ஒன்றுமே காட்டாமல் எழுந்து போனான்.

இடைவேளையில் உடைமாற்றும் அறையில் கோவாச் மெர்சரைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் அவனுக்கு வலிக்கவே இல்லையேடா. தோளை வச்சு விலாவுல ஒரு இடி இடி. அதுக்கு எந்த விதியும் தடை சொல்லலை."

"வேணாம் கோச். இது நல்லா ஓடுது."

"இடிச்சாத்தான் கடைசிக் கால்மணி ஆட்டத்துல பந்து வீசுற கை நடுங்கும்."

"கோபத்துலயும் நடுங்கும் கோச்."

இடைவேளைக்குப் பிறகு, ஆட்டத்தின் மூன்றாவது கால்மணியில் மூன்றாம் தடவை. இப்போது ரீஸ் பேச ஆரம்பித்திருந்தான்.

"விடுடா என்னை. அடிச்சுப் போடு. ஆம்பளை மாதிரி அடிச்சுப் போடுடா."

"அடிச்சா துணி விழும் ஐயா. ஒண்ணு, ரெண்டு..."

"எண்ணாத."

"சொல்லாம செஞ்சா பயந்துருவீங்கன்னு வீட்ல சொல்லியிருக்காங்க. மூணு."

அதன்பின் ரீஸ் மெர்சர் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்ப்பதிலேயே குறியாக இருந்தான். இரண்டு பந்துகளை ஆளே இல்லாத இடத்துக்கு வீசினான். ஆனாலும் அவன் லேசுப்பட்ட ஆட்டக்காரன் இல்லை. கடைசி மூன்று நிமிஷத்தில் தன் அணியை மைதானத்தின் இந்தப் பாதிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். நாங்கள் இருபது, அவர்கள் பத்தொன்பது. பந்து எங்கள் முப்பத்தெட்டாவது கெஜக் கோட்டில். அங்கிருந்து உதைத்தாலே கம்பங்களுக்கு நடுவே போய்விடும், மூன்று புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு. இன்னும் கொஞ்சம் நெருங்கிவிடலாம் என்று ரீஸ் ஒரு முறை வீசப் பின்வாங்கினான். முப்பத்தொரு விநாடி பாக்கி.

மெர்சர் உள்பக்கமாக நுழைந்து வந்தான். ஆறு கெஜம் பின்னால் ரீஸ் அவன் கையில் இருந்தான். ஊதல் அடித்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்று எண்ணியது, ஒண்ணு, ரெண்டு, மூணு. மெர்சர் அவனை உட்காரவைத்து, தோளில் இருந்த புல்லைத் தட்டிவிட்டான்.

ரீஸ் எழுந்தான். கையில் இருந்த பந்தை ஓங்கி மெர்சரின் ஹெல்மெட் முகக் கம்பியில் எறிந்தான். ஒரு கெஜ தூரம்கூட இல்லை. டங்கென்று சத்தம்.

மெர்சர் அசையவில்லை. கிரிம்ஸைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

மஞ்சள் துணி விழுந்தது. பந்து வீசுகிறவனைக் காப்பாற்ற வருஷா வருஷம் எறிந்த கை, அன்றைக்கு அவனிடமிருந்து வேறொருவனைக் காப்பாற்ற எறிந்தது. தண்டனை, பதினைந்து கெஜம் பின்னால். ஓமஹா தன் பாதிக்கே திரும்பிப் போயிற்று. அங்கிருந்து உதைக்க முடியாது. ரீஸ் கடைசியாக ஒன்றை வானத்தைப் பார்த்து வீசினான், எங்கள் ஆள் அதைத் தரையில் தட்டினான், முடிந்தது.

ஆட்டம் முடிந்தபிறகு கைகுலுக்கும் கூட்டத்தில் ரீஸ் நேராக மெர்சரிடம் வந்தான். பக்கத்தில் கேமராவோடு நான் நின்றேன். இருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"அடுத்த தடவை அந்த எண்ணிக்கை எல்லாம் வேணாம். அடிச்சுக் கீழ போடு. நான் கத்த மாட்டேன், சத்தியமா."

"விலா ஆறட்டும், பாக்கலாம்" என்றான் மெர்சர்.

ரீஸின் கை தானாக இடது பக்கத்துக்குப் போயிற்று. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போனான்.

எனக்கு அப்போது புரியவில்லை. செவ்வாய்க்கிழமை புரிந்தது. லீக் அலுவலகத்திலிருந்து ஒருவர் காலையில் போன் செய்தார். விதியை மீறாமல் குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பது எப்படி என்று எல்லா அணிகளுக்கும் காட்டப்போகிறார்களாம். மெர்சர் ரீஸைப் பிடித்த நாலு வீடியோத் துண்டுகளும் வேண்டுமாம். நான் மெர்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"கிண்டலுக்குப் பண்ணினதை பாடமா வைக்கிறாங்களா? முப்பது ஊர்ல இருக்கிற தடியனுங்க எல்லாம் என்னை ஆயாம்மான்னு கூப்பிடுவானுங்களே."

"கோவாச் இப்பவே கூப்பிடுறாரு."

துண்டுகளை வரிசையாக ஓட்டினேன். முதலாவதில் அவன் கைகள் ரீஸின் மார்பைச் சுற்றி இருந்தன. இரண்டாவதிலும் அப்படியே, ஆனால் தூக்கிய அந்த நொடியில் ரீஸின் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. உடனே மெர்சரின் கைகள் சுட்டதுபோல் விலகி, இடுப்பு வாருக்கு இறங்கின. மூன்றாவதிலும் நாலாவதிலும் வாரை மட்டும்தான் பிடித்திருந்தான்.

நான் படத்தை நிறுத்தினேன்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"கைக்குள்ள இருந்தான்ல, தெரியாம போகுமா? இடது பக்கம், ரெண்டு எலும்பாவது இருக்கும். உள்ள கட்டு போட்டிருந்தான். அவங்க கோச்சுக்கே முழுசா சொல்லியிருக்க மாட்டான்."

"நம்ம கோச் இடின்னு சொன்னாரே. அதுக்குத் துணியும் விழாது."

"விழாது. அதான் சிரிப்பா இருக்கு. மேல படுத்தா குத்தம். உடைஞ்ச எலும்புல இடிச்சா குத்தமில்லை."

ஓமஹாவுக்கு அந்த வருஷம் இன்னும் பன்னிரண்டு ஆட்டங்கள் பாக்கி இருந்தன. பன்னிரண்டு அணிகளின் இடது ஓரத்து ஆட்கள் ரீஸை எங்கே இடித்தால் வலிக்கும் என்று இந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். பார்ப்பது எங்கள் தொழில்.

மெர்சர் எழுந்து வாசல்வரை போனான்.

"ரெண்டாவது துண்டு அவ்வளவு தெளிவா இல்லைல்ல, ரே?"

அது கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று கோணத்தில் எடுத்திருந்தேன்.

"கேமரா ஆடிருச்சு" என்றேன்.

மூன்றை மட்டும் அனுப்பினேன். லீக் அலுவலகத்துக்காரர் மீதி ஒன்று எங்கே என்று ஒரு தடவை கேட்டார், நான் அதையே சொன்னேன், அவரும் விட்டுவிட்டார்.