பனித்துளி ரோஜாவுக்கு எதிரான என் போராட்டம்

மனித நாகரிகத்தின் வீழ்ச்சிக்குப் போர்களோ பஞ்சங்களோ காரணமல்ல. காலையில் போனில் வந்து விழும் ரோஜாப்பூதான் காரணம். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் கல்லூரிச் சுவரிதழில் இரண்டு பாகமாக எழுதி நிறுவியிருக்கிறேன். முதல் பாகத்தில், இதழில் பனித்துளி உட்கார்ந்த ரோஜாவையும் அதற்குக் கீழே மின்னி மின்னி மறையும் 'இனிய காலை வணக்கம்' என்ற எழுத்துகளையும் ஆராய்ந்தேன். இரண்டாம் பாகத்தில், ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையையும் கூடைக்குள்ளிருந்து வாழ்த்துச் சொல்லும் முயல்குட்டியையும் எடுத்துக்கொண்டேன். முயலுக்கும் நமது காலைப்பொழுதுக்கும் என்ன சம்பந்தம் என்ற என் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அந்தச் சுவரிதழை எத்தனை பேர் படித்தார்கள் என்பது இங்கே தேவையற்ற விவரம்.

ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளெல்லாம் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. எங்கள் குடும்பக் குரூப்பில் தினமும் முதல் பூவைப் போடுவது அம்மா. அம்மாவுக்கு ஒரு பெரிய லாண்டரியில் ராத்திரி ஷிப்ட். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்கும். ஆள் உயர மெஷின்களிலிருந்து ஈர விரிப்புகளை இழுத்து உதறி, சூடான ரோலருக்குள் விடவேண்டும். விடிந்ததும் வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு ஒரு பூ போடுவாள். பெரியம்மா உடனே ஒரு முயல் போடுவாள். மாமா கைகூப்புவார். வெளியூரில் வேலை பார்க்கும் அக்காகூட, என்னைவிட அதிகம் படித்தவள், ஒரு சிவப்பு இதயம் போடுவாள். நான் அந்தக் குரூப்பின் வாயை எப்போதோ அடைத்துவிட்டேன். அவ்வப்போது மேற்கோளுக்காக மட்டும் எட்டிப் பார்ப்பேன்.

பகலில் எங்கள் வீடு ஒரு மடம். அம்மா தூங்கும் அறையின் ஜன்னலில் தடிமனான கம்பளி தொங்கும். மிக்ஸி வாய் திறக்காது. வாசல் மணிக்கு மேல் அப்பா ஒரு அட்டை ஒட்டி வைத்திருக்கிறார்: 'அடிக்காதீர்கள். ஆள் தூங்குகிறார்.' இதைப் படித்துவிட்டு அடித்தவர்களும் உண்டு. யார் தூங்குகிறார் என்று கேட்பதற்காக. அக்கா அம்மாவுக்கு அனுப்பிய புதுப் போன் அப்படியொரு மத்தியானத்தில்தான் வந்தது. திருட்டுச் சாமான் வாங்குவதுபோலச் சத்தமில்லாமல் வாங்கி உள்ளே கொண்டுவந்தேன்.

அம்மாவின் பழைய போன் சோப்புத் தண்ணீரில் ஒரு முறை விழுந்து எழுந்தது. பேட்டரி உப்பி, பின்மூடி மூடாமல், நடுவில் ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பூட்டு, கீட்டு எதுவும் கிடையாது. தொட்டால் திறக்கும், சில நாள் தொடாமலே திறக்கும்.

சாயங்காலம் அம்மா எழுந்து வந்ததும் புதுப் போனைக் கையில் கொடுத்தேன். ஈரத் துணியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இதுல பட்டன் எங்கடா?"

"பட்டன் கிடையாதும்மா. உன் விரல்தான் சாவி."

"அப்போ சாவியத் தொலைக்க வழியே இல்லைன்னு சொல்லு."

அவள் பெருவிரலை நாலைந்து தடவை ஒற்றியெடுத்துப் பதிவு செய்தேன். விரல் சரிப்படாவிட்டால் ஒரு ரகசிய எண் கேட்பேன் என்றது போன். என் கல்லூரி வரிசை எண்ணைப் போட்டேன். அதை அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், பிறகு பசித்தது. எப்போது தூங்குவீர்கள், அந்த நேரத்தில் சத்தம் போடாமல், திரையிலும் எதையும் காட்டாமல் இருக்கிறேன் என்றும் கேட்டது. இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை என்று பதிலையும் அதுவே எழுதி வைத்திருந்தது. மனிதர்கள் இரவில் தூங்குகிறார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் தோன்றவில்லை. சரி என்று தட்டினேன்.

எண்களையெல்லாம் பழைய போனிலிருந்து புதுசுக்கு மாற்றினேன். குடும்பப் படங்களை மாற்றினேன். பூக்களை மட்டும் பழைய போனிலேயே விட்டேன். சமூக சேவை செய்ய ஒருவனுக்கு இவ்வளவு சுலபமான வாய்ப்பு அடிக்கடி அமையாது.

"என் பூவெல்லாம் இதுல வந்துடுச்சா?" என்றாள் அம்மா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"வரும்மா. மெதுவா வரும்."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "நம்ம எழுத்தாளர் பொய் சொல்றப்போ குரல் மெலிசாயிடும். கவனிச்சிருக்கியா?"

மறுநாள் காலை குரூப்பில் பூ இல்லை. உலகம் ஒரு படி மேலே ஏறியதுபோல எனக்கு இருந்தது. மூன்றாம் பாகத்துக்கு முதல் வரிகூட யோசித்துவிட்டேன். அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள்.

"அம்மா எங்கடா?"

"வந்துட்டிருப்பா. ஏன்?"

"பூ வரலை."

"நல்ல விஷயம்தானே?"

"போனை அப்பாகிட்ட குடு" என்றாள். நான் கொடுப்பதற்குள் அப்பா சவரம் பாதியில் நிற்க, ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து நின்றார். அவர் கையிலும் போன். மாமாவும் பெரியம்மாவும் அவரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ரிங் போகுது. எடுக்கமாட்டேங்கறா" என்றார் அப்பா. லாண்டரி ஆபீஸிலும் யாரும் எடுக்கவில்லை. ஷிப்ட் மாறும் நேரம்.

எனக்குத் தெரியாத விஷயம் அப்போதுதான் தெரிந்தது. போன வருடம் ஒரு ராத்திரி, ரோலர் சூட்டில் அம்மா மயங்கி விழுந்திருக்கிறாள். விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்ததால் வெகுநேரம் யாரும் பார்க்கவில்லை.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"உனக்குப் பரீட்சை. அவதான் சொல்லாதீங்கன்னா." அப்பா ஒரு கையால் சட்டையைத் தேடினார். "ஷிப்ட் முடிஞ்சதும் ஒரு போன் பண்ணுன்னு உங்கக்கா சொன்னா. இவ கேட்கலை. தூங்கறவங்கள மணியடிச்சு எழுப்பறதா, தூக்கத்தோட அருமை எனக்குத் தெரியும், சத்தம் போடாம ஒரு பூ போட்டுடறேன், எழுந்ததும் பாத்துக்கோங்கன்னா. அதான்."

குரூப்பில் எல்லாரும் எழுந்தவுடன் பார்த்திருக்கிறார்கள். முயலும் கைகூப்பலும் சிவப்பு இதயமும், சரி, வெளியே வந்துவிட்டாள் என்பதற்கான ரசீதுகள். அந்த ரசீதுகளைத்தான் நான் இரண்டு பாகமாக ஆராய்ந்திருக்கிறேன்.

அவள் வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமென்று அப்பாவை நிறுத்திவிட்டு நான் ஓடினேன். எதிர்த்திசை பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்று நம்பும் நிலைக்கு ஒரு பகுத்தறிவாளன் வந்திருந்தான். நான் கூப்பிட்டேன், ரிங் போனது, மறுபடி கூப்பிட்டேன். எட்டு மணி வரை சத்தமே போடாதே, எதையும் காட்டாதே என்று அந்தப் போனுக்கு உத்தரவு கொடுத்தவன் யார் என்பது மூன்றாவது தடவை கூப்பிட்டபோது ஞாபகம் வந்தது. மணி இன்னும் எட்டாகவில்லை.

லாண்டரிக்கு எதிரிலுள்ள பஸ் ஸ்டாப்பில், பெஞ்சின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முழுசாக. ஸ்வெட்டர் பட்டனெல்லாம் ஒழுங்காகப் போட்டபடி. பெருவிரலை வாயருகே வைத்து ஊதினாள். ஸ்வெட்டரில் துடைத்தாள். போனில் வைத்தாள். மறுபடி ஊதினாள். பக்கத்தில் அவளோடு ரோலரில் வேலை பார்க்கும் ஒரு அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்தி வைக்கா. பயந்து வச்சா அதுக்குத் தெரிஞ்சிடும்."

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்து, "இருக்கா, நல்லா இருக்கா" என்றேன். அப்பா குழாயைத் திறக்கும் சத்தமும், முகத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தமும் கேட்டன. மீதிச் சவரத்தை ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்தது.

என்னைப் பார்த்ததும் அம்மா போனைப் பைக்குள் மறைக்கப் பார்த்தாள். குழந்தை உடைந்த தட்டை மறைப்பதுபோல.

"கெடுத்துட்டேன்டா. உங்கக்கா ஆசையா அனுப்பினது. ஒரு ராத்திரிகூட தாங்கலை." விரலை மறுபடி ஸ்வெட்டரில் துடைத்தாள். "திறந்து ஒரு பூவப் போட்டுட்டு வரலாம்னு ரெண்டு பஸ்ஸ விட்டேன். அப்புறம் வா, அப்புறம் வான்னு சொல்லுது, ஆபீஸ் கிளார்க்கு மாதிரி."

"இந்த அக்கா போன்ல கூப்பிட்டிருக்கலாமேம்மா?"

"நம்பர் யாருக்குடா மனப்பாடமா தெரியுது? உன் நம்பர் உனக்கே தெரியுமா?"

அவள் கையை வாங்கிப் பார்த்தேன். ரப்பர் கையுறைக்குள் ராத்திரி முழுக்க வியர்வையில் ஊறி, விரல்நுனிகளெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் பதிவு செய்தது தூங்கி எழுந்த விரலை. இது வேலை முடித்த விரல். போனுக்கு இவள் யாரோ.

என் வரிசை எண்ணைத் தட்டினேன். திறந்தது.

"போன் நல்லாத்தான் இருக்கும்மா."

"அப்போ என் விரல்?"

"விரலும் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ எதுதான்டா கெட்டது?"

ரோலர் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பையன் காலேஜ்ல என்ன படிக்கிறான்க்கா?"

"பஸ் வருது" என்றேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அம்மா பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. "அந்தச் சிவப்பு ரோஜா எங்கடா? தண்ணி சொட்டுமே, அது."

"வரும்மா. மெதுவா வரும்."

"உங்கப்பா சொன்னது சரிதான். மெலிசாத்தான் ஆகுது" என்று சொல்லிவிட்டு, சிரித்த வாய் மூடுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஸ்வெட்டரில் சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை.

அவள் போன் என் கையில் இருந்தது. முதலில் தூங்கும் நேரத்தைத் திருத்தினேன்: காலை பத்திலிருந்து சாயங்காலம் வரை. பிறகு குரூப்பைத் திறந்தேன். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். வந்துவிட்டாள் என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். எழுதி, அழித்தேன். நெட்டில் ரோஜாக்களைத் தேடினேன். மஞ்சள் சரியில்லை. ஒன்றில் பனித்துளி இருந்தது, எழுத்து மின்னவில்லை. ஒன்றில் எழுத்து மின்னியது, ரோஜா ஏதோ வாடினாற்போல இருந்தது. இரண்டு ஸ்டாப் கடந்த பிறகு ஒன்று கிடைத்தது. துளி பெரியது, இதழின் விளிம்பிலேயே நின்றது. எழுத்துகள் மின்னின. அனுப்பினேன்.

பெரியம்மாவின் முயல் உடனே வந்தது. கூடைக்குள்ளிருந்து அது கையசைப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் மல்லாந்து கிடந்த அம்மாவின் கையில் ஜன்னல் வெயில் விழுந்திருந்தது. பெருவிரலின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, ரேகைகள் திரும்பி வந்துகொண்டிருந்தன.