அறுபத்து மூன்றாம் பக்கத்து மாமனார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் படித்தாலும் மறுநாள் அது என் பேனா வழியாக வெளியே வந்துவிடும். வாலிபத்தில் ஒரு முறை, தையல் மிஷினோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் படித்துவிட்டுக் காதல் காட்சி எழுத உட்கார்ந்தேன். கதாநாயகன் அவள் கையைப் பிடிப்பதற்கு முன்னால் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். இன்னொரு முறை ரயில் அட்டவணை. அந்தக் கதையின் நாயகி ஏழு நாற்பதுக்கு வந்து ஏழு நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரவே இல்லை.

ஆகவே முதல் நாவல் அச்சாகி வந்த அன்றே முடிவு கட்டினேன். இனி அடுத்தவர் எழுத்து ஒரு வரிகூடக் கண்ணில் படக் கூடாது. மளிகைப் பொட்டலத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிரிப்பேன். மாத்திரை அட்டையை மனைவி படித்துச் சொல்வாள். வாசகர் கடிதங்கள் வந்தன. அவையும் அடுத்தவர் எழுத்துதானே? பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

ஆனால் எழுதுகிறவன் எதையாவது படித்தாக வேண்டும். அதனால் தினமும் பல் விளக்கியதும் என் நாவலில் பத்துப் பக்கம், அப்புறம் எழுத்து மேசை. மூன்று வாரத்தில் புத்தகம் முடியும். மறுநாள் முதல் பக்கம். இப்படி இருபத்திரண்டு வருஷம்.

என் மனைவி எனக்கு நேர் எதிர். கிழிந்த காகிதத்தைக்கூட ஒட்டவைத்துப் படிப்பாள். ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்று, “கல்யாண ஆல்பத்தையே தினம் பாக்குற மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க. பொண்டாட்டிக்கு நரைச்சது தெரியுமா?” என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது நாவல் மட்டும் வரவில்லை. எழுதுவேன், கிழிப்பேன். ஊரில் எனக்கு ‘ஒத்தைப் புத்தகக்காரர்’ என்று பெயர் விழுந்துவிட்டது. முடி வெட்டுகிறவர்கூட அப்படித்தான் விசாரித்தார். கண்ணை மூடுவதற்குள் அந்தப் பெயரைத் துடைத்துவிட வேண்டும், வேறு ஆசை எனக்கு இல்லை.

போன வருஷம், எழுபத்து மூன்றாவது வயதில், வந்தது பாருங்கள். ஐம்பத்தெட்டே நாள். பேனா தானாக ஓடியது, நான் கையை மட்டும் கொடுத்தேன். பதிப்பாளர் படித்துவிட்டு, முதல் நாவலை இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று போனில் உருகினார். மனைவிக்குக்கூடக் காட்டவில்லை, அச்சில் பார்க்கட்டும் என்று நேரே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவள் என் மகள். ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். ஒரு கையில் மெய்ப்புத் தாள், மறு கையில் என் முதல் நாவல்.

“அப்பா, இதுல பெரியப்பா எப்ப சாகுறார்?”

“நாப்பத்தோராம் பக்கம்.”

“அப்ப அறுபத்து மூணுல ஹீரோவுக்குக் காப்பி ஊத்திக் குடுக்குறது யாரு?”

பெரியப்பாதான். அவள் முதல் நாவலைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். அதில் நாற்பத்தோராம் பக்கத்தில் செத்த மாமனார், அறுபத்து மூன்றில் வந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“மாமனார் பெரியப்பா ஆயிட்டாரு, டீ காப்பி ஆயிடுச்சு. வேற ஒண்ணும் மாறலப்பா. கமாகூட.”

அந்தப் பக்கத்தை ஏறக்குறைய முன்னூற்று எண்பது தடவை படித்திருக்கிறேன். ஒரு தடவையும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டோடு பழகிவிட்ட மனுஷரை, நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று யார் கேட்பார்கள்?

மறுநாள் பதிப்பாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “யாருக்குத் தெரியப் போவுது ஐயா? முதல் புத்தகத்தை யாரு படிச்சா?” அவரும் படித்ததில்லை என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி நாற்காலி போட்டு ஏறி அந்தப் பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். “முப்பத்தோரு பேரு படிச்சிருக்காங்க. நான் அப்பவே எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன். சொல்ல வந்தா நீங்க காதைப் பொத்திக்கிட்டீங்க.”

ஒரே மத்தியானத்தில் அத்தனையும் படித்தேன். இருபத்தொன்பது பேர் மாமனாரைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள், ரொம்ப மரியாதையாக. ஒருவர், இது பேய்க்கதையா என்று தெரிந்தால் குழந்தைகளிடம் கொடுக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார்.

புது நாவலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாகப் பழையதையே திருத்திய பதிப்பாகப் போடப் பதிப்பாளர் சம்மதித்தார். மாற்ற வேண்டியது மாமனார் டீ ஊற்றும் ஒரே ஒரு வரி. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் எழுதப் போகும் புது வரி. பதினோரு நாள் மேசையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் வந்தது:

‘இரண்டு தம்ளர் எடுத்து வைத்தான், பிறகு, ஈரமே படாத ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தான்.’

ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“நல்லா இருக்குங்க,” என்றாள். அப்புறம் டப்பாவுக்குள் கைவிட்டு நீல உறை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

யாரோ ஒரு நர்ஸ். இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. கோபித்துக்கொள்ள வேண்டாம், நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன் என்று சொல்லி, கீழே அதே வரி. நான் சேர்த்தது ஒரு கமா.

அனுமதி கேட்டு அந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். உறையின்மேல் ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று யாரோ எழுதியிருக்க, அது திரும்பி வந்தது. அனுமதி இல்லாமலே புத்தகமும் அச்சாகிவிட்டது.

இப்போதும் காலையில் பல் விளக்கியதும் படிக்கிறேன், அறுபத்து மூன்றாம் பக்கம் மட்டும். முடி வெட்டுகிறவர் நேற்றும் ‘ஒத்தைப் புத்தகக்காரரே, உக்காருங்க’ என்றார். உட்கார்ந்தேன். அந்த ஒத்தைப் புத்தகத்திலும் ஒரு வரி குறையும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.